ஒரு மருத்துவ ஆய்வைப் படிப்பது எப்படி: புழுங்கல் அரிசியை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்தை ஒட்டி, பழைய தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்கள் குடியேறிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நான் வாழ்கிறேன். இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், மாத்திரை, மூலிகை, சத்துமாவு என்று எதைப் பற்றி யார் கைப்பேசிக்குச் செய்தி வந்தாலும் அது கடைசியில் என் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். சென்ற மாதம் எதிர்வீட்டு அக்கா கொண்டுவந்த செய்தி இது: "பி1 வைட்டமின் மாத்திரை இனிப்பு நீரைக் குறைக்கும், சிறுநீரகத்தைக் காக்கும் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நிரூபித்துவிட்டது." அக்காவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசு சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மருந்து எடுக்கிறார். "சார், இது உண்மையா? மருந்துக்குப் பதிலா இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

கேள்விகள் இரண்டு. முதல் கேள்விக்கு ஆய்வைப் படிக்காமல் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்கு ஆய்வைப் படித்த பிறகும் நான் பதில் சொல்லக் கூடாது, அது மருத்துவரின் வேலை. அன்று அக்காவும் நானும் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த ஆய்வைப் படித்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் பி1 வைட்டமினின் வரலாற்றிலிருந்தே எடுத்திருக்கிறேன். மருத்துவம், உடலியங்கியல், வேதியியல், புரத அமைப்பு ஆகிய நான்கு துறை ஆய்வுகளும் அந்த ஒரே பொருளைச் சுற்றி நடந்திருக்கின்றன. அவற்றுள் மிக முக்கியமான இரண்டு இந்த மண்ணிலேயே, நம் பாட்டன் பூட்டன் உண்ட புழுங்கல் அரிசியைக் கொண்டே நடந்தன.

முதல் படி: மூல ஆய்வைக் கையில் எடுங்கள்

பகிரப்படும் செய்தியில் ஆண்டும் இதழின் பெயரும் இருக்காது. அவை இல்லாத செய்தியை உண்மை என்றும் கொள்ள வேண்டாம், பொய் என்றும் தள்ள வேண்டாம், தேடுங்கள். பப்மெட் என்னும் இலவசத் தேடுதளத்தில் தையமின், நீரிழிவு, சிறுநீர் அல்புமின் (சிறுநீரில் ஒழுகும் ஒரு புரதம்) ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களை இட்டுத் தேடினால், பல ஆய்வுகளுக்கிடையே, 2009ஆம் ஆண்டு டயபெட்டாலஜியா இதழில் வெளிவந்த ஒன்று கிடைக்கும். தையமின் என்பது பி1 வைட்டமினின் வேதிப்பெயர். பாகிஸ்தானின் லாகூரில் 40 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு அது. செய்தியின் வாசகங்கள் அதன் முடிவுரையை ஒட்டியே இருந்ததால், செய்தியின் வேர் அதுதான் என்று கொண்டோம்.

தலைப்பை முழுதாகப் படியுங்கள். அந்தத் தலைப்பிலேயே ‘முன்னோட்ட ஆய்வு’ என்று பொருள்படும் சொல் இருக்கிறது; பெரிய ஆய்வு ஒன்றை நடத்தலாமா என்று பார்ப்பதற்கான சிறிய ஆய்வு என்று ஆசிரியர்களே சொல்லிவிட்டார்கள். பகிரப்பட்ட செய்தி விழுங்கியது அந்த ஒரு சொல்லைத்தான். தலைப்புக்குப் பிறகு பலரும் சுருக்கத்தைப் படித்து நிறுத்திவிடுகிறார்கள். நான் முதலில் ‘முறை’ என்ற பகுதியையும், அதன் பின் அட்டவணைகளையும் படித்துவிட்டு, ஆசிரியர்கள் தம் முடிவைப் பற்றிப் பேசும் பகுதியைக் கடைசியாகப் படிக்கிறேன். என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை நாமே பார்த்த பிறகு அவர்கள் விளக்கத்தைக் கேட்டால், அந்த விளக்கம் எங்கே சான்றைத் தாண்டி நிற்கிறது என்பது தெரியும்.

இரண்டாம் படி: எதன்மேல் சோதித்தார்கள்?

கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லா, எலியா, கோழியா, மனிதரா, கணினிக் கணக்கா? இந்த ஒரு கேள்வியே பாதிச் செய்திகளை வடிகட்டிவிடும். இதை நான் அடிபட்டுக் கற்றேன். ஆசிரியராக இருந்த காலத்தில், முள்சீத்தா இலைச் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொன்றதாக வந்த ஒரு நாளிதழ்த் துணுக்கை அறிவியல் பலகையில் நானே ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவனின் தாயார் வந்து, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தம் தங்கைக்கு அந்த இலையை எவ்வளவு கொதிக்க வைக்க வேண்டும் என்று கேட்டார். மூல ஆய்வை அன்றுதான் தேடிப் பார்த்தேன். சோதனை முழுதும் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது. ஒரு மனிதர்கூட அதில் இல்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டாலும் அந்தத் தட்டில் உள்ள புற்றுநோய்ச் செல்கள் செத்துவிடும். அதற்காக அமிலத்தை யாரும் குடிப்பதில்லை. அந்தத் தாயாரிடம் இதைச் சொல்லி, துணுக்கை அவர் எதிரிலேயே கிழித்தேன்.

செல் ஆய்வும் விலங்கு ஆய்வும் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அவை ‘எப்படி’ என்ற கேள்விக்கு விடை சொல்லும். ‘எனக்குப் பலன் தருமா’ என்ற கேள்விக்கு மனிதர்களில் நடந்த ஆய்வே விடை சொல்லும்.

மூன்றாம் படி: பார்த்தார்களா, மாற்றிப் பார்த்தார்களா?

மனித ஆய்வுகளில் பெரும்பிரிவு இரண்டு. உலகத்தை உள்ளபடி விட்டு, பார்த்துப் பதிவது ஒன்று. ஒன்றை வேண்டுமென்றே மாற்றி, விளைவைப் பார்ப்பது மற்றொன்று.

முதல் வகைக்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில், பி1 வைட்டமின் குறைவால் வருவது என்று பின்னாளில் தெரியவந்த பெரிபெரி என்னும் நோய் கூட்டங்கூட்டமாக ஆட்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானின் அரசு அறுவை மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். சியாமிலிருந்து வந்த, தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நோய் மிகுதியாக வந்தது. புழுங்கல் அரிசியை உண்ட தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. தம் வயல் நெல்லை வீட்டிலேயே குத்தி உண்ட மலாய்க்காரர்களும் பெரும்பாலும் தப்பினார்கள். 1907இல் இதையெல்லாம் அவர் நூலாகவே வெளியிட்டார்.

கூர்மையான கவனிப்புத்தான். ஆனாலும் இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். சீனச் சுரங்கத் தொழிலாளிக்கும் தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்கும் அரிசி மட்டுமா வேறு? இருப்பிடம், வேலை, குழம்பு, காய்கறி, குடிக்கும் நீர் என எல்லாமே வேறு. நோய்க்குக் காரணம் அரிசிதான், அரிசியோடு சேர்ந்து வந்த வேறொன்று அல்ல என்று எதைக் கொண்டு சொல்வது? பிராடனின் கதையே இதற்குச் சான்று: அரிசியை அவர் சரியாகச் சுட்டினார், ஆனால் பழைய அரிசியில் பூஞ்சையால் உண்டாகும் நஞ்சே காரணம் என்று தவறாக முடிவு கட்டினார்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்க நல்ல ஆய்வாளர்கள் முயல்வார்கள். அதே காலகட்டத்தில் ஜாவாவில் வோர்டர்மன் என்பவர் 101 சிறைச்சாலைகளை, ஏறத்தாழ 2,80,000 கைதிகளின் கணக்கோடு, ஆராய்ந்து 1897இல் வெளியிட்டார். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் பெரிபெரி மிகுதி, தவிடு நீங்காத அரிசி போட்ட சிறைகளில் மிகக் குறைவு என்று கண்டதோடு அவர் நிறுத்தவில்லை. கட்டடத்தின் வயது, காற்றோட்டம், கைதிகளின் நெருக்கம் ஆகியவற்றையும் தனித்தனியே பார்த்து, அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று காட்டினார். நீங்கள் படிக்கும் கவனிப்பு ஆய்வில் இத்தகைய சரிபார்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். வயது, வருமானம், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காமல், காப்பி குடிப்பவருக்கு இது வரும், டீ குடிப்பவருக்கு அது வராது என்று சொல்லும் ஆய்வில் நான் நேரம் செலவிடுவதில்லை.

நான்காம் படி: ஒப்பீட்டுக் குழுவை எப்படிப் பிரித்தார்கள்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டு பெரிபெரி பரவியபோது, அங்கிருந்த மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை உணவுக்கொட்டகையில் வரிசையாக நிறுத்தி இடப்புறமிருந்து எண்ணினார். ஒற்றைப்படை எண்ணில் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்கு. அவர்களுக்கு வழக்கம்போல் சியாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண்ணில் வந்தவர்கள் மேற்குப் பக்க வார்டுக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு இரு வார்டுகளுக்கும் ஒன்றே. ஓராண்டுக்குச் சற்று மேல் இது நடந்தது. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் பலருக்கு நோய் வந்து, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தவர்கள் இருவர். இருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே அந்த நோயோடு வந்தவர்கள். இறந்தவர் எவருமில்லை.

பிராடனின் கவனிப்பில் இல்லாத எது இதில் இருக்கிறது? யார் எந்த அரிசியை உண்பது என்பதை அவரவர் இனமோ வருமானமோ விருப்பமோ முடிவு செய்யவில்லை. வரிசையில் நின்ற இடம் முடிவு செய்தது. அதனால் வயது, உடல்நிலை, பழக்கம் என்று நமக்குத் தெரிந்தவையும் தெரியாதவையும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பங்காகிவிடுகின்றன. மிஞ்சும் வேறுபாடு அரிசி ஒன்றே. இன்றைய சமவாய்ப்புச் சோதனையின் உயிர் இந்தக் கருத்துத்தான்.

குறையும் உண்டு. ஒற்றை, இரட்டை என்று எண்ணுவது முன்கூட்டியே தெரிந்துவிடும் முறை. மெலிந்த ஒருவரை ஓரடி நகர்த்தி நிறுத்தினால் அவர் குழு மாறிவிடும். அதனால்தான் இப்போது கணினி தரும் சீரற்ற எண்ணைக் கொண்டு, சேர்ப்பவருக்கே தெரியாதபடி மறைத்துப் பிரிக்கிறார்கள். இன்னொரு குறை, யார் எதை உண்கிறார் என்பதை மறைக்க முடியாதது. இன்றைய மருந்துச் சோதனையில் ஒரே நிறம், ஒரே அளவில் வெற்று மாத்திரை கொடுத்து, நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைப்பார்கள். புழுங்கல் அரிசியில் அது நடக்காது. பானை கொதிக்கும்போதே வாசனை ஊரைக் கூட்டிவிடும். இருந்தாலும் மரணத்தை எண்ணும்போது இந்தக் குறை பெரிதாக உறுத்தாது. ‘வலி குறைந்ததா’ என்பது போன்ற, கேட்டு எழுதும் அளவுகளில்தான் மறைப்பு இல்லாத ஆய்வு நம்மை ஏமாற்றும்.

ஃபிளெட்சர் எழுதிய முடிவுரையையும் பாருங்கள். வெள்ளை அரிசி நேராகவோ மறைமுகமாகவோ பெரிபெரிக்குக் காரணம் என்றார்; ஆனால் எதனால் என்பதற்கு, அரிசியில் நஞ்சு இருக்கலாம், புரதச்சத்துப் போதாமல் இருக்கலாம், சத்துக் குறைவால் உடல் தளர்ந்து வேறொரு கிருமிக்கு இடம் கொடுக்கலாம் என மூன்று வழிகளைத் திறந்தே வைத்தார். மூன்றுமே பின்னர்த் தவறாயின. ஆனாலும் ஆய்வு தவறாகவில்லை, ஏனெனில் தாம் சோதிக்காததைச் சோதித்ததாக அவர் சொல்லவில்லை.

அடுத்து, கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும், 1907 முதல், நம் பகாவிலிருந்து அதிக தூரமில்லாத துரியான் திப்புஸில், காட்டுக்குள் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு குழுக்களாக்கிச் சோதித்தார்கள். சுமார் மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் குழுவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. குழுக்களுக்கு அரிசியை மாற்றிப் போட்டபோது நோயும் மாறிப் போனது. வேறோர் இடம், வேறு மக்கள், வேறு ஆய்வாளர்கள், அதே விடை. ஒரே ஆய்வை நம்பி முடிவெடுக்காமல், அதை வேறு யாரேனும் திரும்பச் செய்தார்களா என்று தேடச் சொல்வது இதற்காகத்தான். பல ஆய்வுகளை ஒன்றுகூட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகள் உங்கள் கேள்விக்கு இருந்தால், தனி ஆய்வைவிட அவற்றை முதலில் படிப்பது நேர மிச்சம்.

ஐந்தாம் படி: எதை அளந்தார்கள்?

ஃபிரேசரும் ஸ்டான்டனும் எந்த அரிசி பாதுகாப்பானது என்று சொல்ல ஓர் அளவுகோலைத் தேடி, அரிசியில் உள்ள பாஸ்பரசின் அளவைப் பயன்படுத்தினார்கள். பயனுள்ள அளவுகோல், ஏனெனில் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, தவிடு போனால் அதுவும் போகும். ஆனால் நோயைத் தடுப்பது பாஸ்பரஸ் அன்று. வெள்ளை அரிசிச் சோற்றில் பாஸ்பரசைத் தூவி உண்டால் எவரும் பிழைக்கப்போவதில்லை. பாஸ்பரஸ் ஓர் அடையாளம், உண்மைப் பொருளின் நிழல்.

இப்போது அக்காவின் லாகூர் ஆய்வுக்கு வருவோம். சிறுநீரில் சிறிதளவு அல்புமின் ஒழுகும் நிலையில் இருந்த, இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 40 பேர், இருபது இருபதாகச் சமவாய்ப்பில் பிரிப்பு, ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் தையமின், மற்றதற்கு வெற்று மாத்திரை, மூன்று மாதம். நல்ல அமைப்புத்தான். ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 1.2 மில்லிகிராம் என்பதை நினைவில் வைத்தால், அவர்கள் கொடுத்தது சத்தாக அல்ல, மருந்தாக என்பது புரியும்.

அளந்தது என்ன? 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறும் அல்புமின். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தேவைப்பட்டவர் எத்தனை பேர் என்பது அன்று. அதை மூன்று மாதத்தில் அளக்கவும் முடியாது. அல்புமின் இங்கே பாஸ்பரஸ் போன்ற அடையாளம். அது குறைந்தால் நல்லது நடக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆனால் நல்லது நடந்தது என்பதற்குச் சான்று அதுவாகாது.

இனி எண்கள். தையமின் குழுவில் அல்புமின், தொடக்கத்தைவிட இடைநிலை மதிப்பில் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 17.7 மில்லிகிராம் குறைந்தது. பகிரத் தோதான எண். ஆனால் கேட்க வேண்டிய ஒப்பீடு ‘முன்பைவிட எவ்வளவு’ என்பதன்று, ‘மற்றக் குழுவைவிட எவ்வளவு’ என்பதே. மூன்று மாத முடிவில் தையமின் குழுவில் 30.1, வெற்று மாத்திரைக் குழுவில் 35.5. இடைவெளி ஐந்தரைக்கும் குறைவு. புள்ளியியல்படி அது தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று கணக்குச் சொன்னாலும், 17.7 என்ற எண் கிளப்பிய ஆவல் 5.4இல் அடங்கிவிடுகிறது.

அட்டவணையில் அக்காவின் விரலை நான் பிடித்து வைத்த இடம் வேறு. இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றில் தையமினால் எந்த மாற்றமும் இல்லை என்று ஆசிரியர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ‘இனிப்பு நீரைக் குறைக்கும்’ என்ற வாசகம் ஆய்வுக்கு நேர்மாறு. அக்கா அந்த வரியை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னார். பிறகு, "அப்ப இத எழுதினவன் இந்தப் பக்கம் வரைக்கும் படிக்கவே இல்ல" என்றார்.

ஆறாம் படி: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

பத்தாயிரம் பேரில் இருவருக்கு வரும் நோய் ஒருவருக்கு என்று குறைந்தால், ‘50 சதவீதம் குறைந்தது’ என்று எழுதலாம், பொய்யில்லை. ஆனால் பத்தாயிரம் பேர் மருந்து உண்டு ஒருவர் தப்பினார் என்பதே உங்களுக்குத் தேவையான செய்தி. ஃபிளெட்சரின் கணக்கில் நூற்றுக்கு 15 பேர் இறந்தது, சுழியமானது. அப்படிப்பட்ட எண்ணுக்குப் புள்ளியியல் வித்தை எதுவும் வேண்டாம். பி மதிப்பு 0.05க்குக் கீழே இருக்கிறது என்பது மட்டும் பலன் பெரிது என்று காட்டாது. மருந்தால் பலனே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவு என்பதே அதன் பொருள்.

ஏழாம் படி: வேதியியல் ஆய்வென்றால், பொருள் தூய்மையானதா, அமைப்பு உறுதியானதா?

தவிட்டில் இருந்த பொருளைப் பிரித்தெடுக்கும் முயற்சி நீண்டது. 1912இல் காசிமிர் ஃபங்க் அதற்கு ‘வைட்டமின்’ என்ற பெயரை உருவாக்கிக் கொடுத்தார். ஆனால் தூய பொருள் அவரிடம் இல்லை. 1926இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) யான்சனும் டோனத்தும் 300 கிலோ அரிசித் தவிட்டிலிருந்து ஏறத்தாழ 100 மில்லிகிராம் படிகத்தை எடுத்தார்கள். ஒவ்வொரு வடிப்பிலும் சத்து எந்தப் பகுதிக்குப் போனது என்பதை, நெல் கொத்தும் சில்லைக் குருவிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். சின்னப் பறவை என்பதால் துளியளவு பொருளே போதுமாக இருந்தது.

ஆனால் அவர்கள் வெளியிட்ட வாய்பாட்டில் ஒரு பிழை. கந்தக அணு ஒன்றைத் தவறவிட்டிருந்தார்கள். 1932இல்தான் ஜெர்மன் வேதியியலாளர் விண்டவுஸின் ஆய்வகம் அதைத் திருத்தியது. 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் முழு அமைப்பையும் கண்டு, பொருளைச் செயற்கையாகத் தயாரித்தும் காட்டினார். இவர் பிறந்தது நெல்லூரில். நெல்லின் பெயரைத் தாங்கிய ஊரில் பிறந்தவர் நெல்லின் தவிட்டில் இருந்ததைச் செய்து முடித்தார் என்பது எனக்கு எப்போதும் இனிக்கும் தகவல்.

வேதியியல் கட்டுரையில் நீங்கள் பார்க்க வேண்டியவை இந்தக் கதையிலேயே உள்ளன. ‘மூலிகைச் சாறு’ என்று சொல்லிவிட்டு அதில் எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டாத ஆய்வு, ஃபங்கின் நிலையில் நிற்கிறது. பொருளைப் பிரித்து வாய்பாடு கொடுத்த ஆய்வு ஒரு படி மேலே. அமைப்பை முன்மொழிந்து, அதே அமைப்பைத் தனியே தயாரித்து, இரண்டும் ஒரே பலன் தருகின்றன என்று காட்டினால்தான் ஐயத்துக்குக் கதவு சாத்தப்படும். சமையலுக்குப் பயன்படும் ஒன்றையும் வேதியியல் சொல்கிறது: தையமின் நீரில் கரையும், காரத்தன்மையில் சிதையும். பலமுறை அரிசி கழுவிய நீரோடும், சோடா உப்புப் போட்டு வேகவைத்த பருப்பிலும் அது போய்விடுகிறது. புழுங்க வைக்கும்போது, ஊறிய நெல்லின் தவிட்டிலிருந்து அது அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பின்னர்த் தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. நம் முன்னோர்களைக் காத்தது அதுதான்.

எட்டாம் படி: உடலியங்கியல் ஆய்வென்றால், எதிர்ச்சோதனை எங்கே?

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ், தீட்டிய அரிசி மட்டும் உண்டு தலை பின்னோக்கி வளைந்து வலிப்பு வந்த புறாக்களின் மூளைத் திசுவை எடுத்து, அது எவ்வளவு உயிர்வளியை உட்கொள்கிறது என்று அளந்தார். குறைவாக இருந்தது, லாக்டிக் அமிலம் தேங்கியிருந்தது. பி1 சேர்த்ததும் உயிர்வளிப் பயன்பாடு உயர்ந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால், பி1 எந்தத் திசுவையும் தூண்டிவிடும் பொருளாக இருக்கலாமே என்று நாம் கேட்டிருப்போம். ஆரோக்கியமான புறாவின் மூளைத் திசுவில் அதே பொருளைச் சேர்த்தபோது எதுவும் மாறவில்லை என்று அவர் காட்டினார். குறை இருக்கும் இடத்தில் மட்டுமே அது வேலை செய்கிறது. ‘சத்துக் குறை இல்லாத நானும் உண்டால் சுறுசுறுப்பு வருமா’ என்ற கேள்விக்கு அந்தப் புறாவின் மூளை ஒருவகையில் பதில் சொல்லிவிட்டது.

ஒன்பதாம் படி: புரத அமைப்பு ஆய்வு

பொதுவாசகர்கள் அஞ்சி ஓடும் பகுதி இது. வண்ண நாடாக்கள் சுருண்டு கிடக்கும் அழகான படம்தான் தெரியும். உண்மையில் நான்கு கேள்விகள் போதும்.

எந்த உயிரின் புரதம்? தையமின் உடலில் இரண்டு பாஸ்பேட்டுகளை ஏற்று, உடலின் வேதிவினைகளை விரைவாக்கும் புரதங்களான நொதிகளுக்குத் துணையாக வேலை செய்கிறது என்று 1937இல் லோமனும் ஷூஸ்டரும் காட்டினார்கள். அத்தகைய நொதிகளில் ஒன்றான டிரான்ஸ்கீட்டோலேஸின் முப்பரிமாண அமைப்பை 1992இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் லிண்ட்குவிஸ்ட், ஷ்னைடர் முதலியோர் வெளியிட்டார்கள். ஆனால் அது ரொட்டிக்குப் போடும் ஈஸ்டின் நொதி. மனித நொதியின் அமைப்பு 2010இல்தான் வந்தது.

எவ்வளவு தெளிவு? அதை ஆங்ஸ்ட்ராம் என்ற அலகில் சொல்வார்கள். எண் சிறுத்தால் தெளிவு கூடும். 1992 ஆய்வின் பிரிதிறன் 2.5 ஆங்ஸ்ட்ராம். இரண்டு கார்பன் அணுக்களுக்கிடையேயான பிணைப்பின் நீளம் சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம் என்பதால், இந்தத் தெளிவில் அணுக்கள் தனித்தனிப் பொட்டுகளாகத் தெரியாது. புரதச் சங்கிலியின் முதுகெலும்பு ஓடும் பாதையும் பக்கக் கிளைகளின் வடிவமும் தெரியும், மற்றதை வேதியியல் அறிவு நிரப்பும்.

எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? அந்த நொதியில் இரண்டு ஒத்த சங்கிலிகள் சேரும் இடுக்கில் தையமின் உட்கார்ந்திருக்கிறது. அதன் இரண்டு வளையங்களும் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் மடங்கி ஒன்றையொன்று பார்க்கின்றன. வேலை செய்யும் கார்பன் எது என்பதை ரொனால்ட் பிரெஸ்லோ 1958லேயே வேதியியல் வழியில் காட்டியிருந்தார்: ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் கந்தகம், நடுவில் அந்தக் கார்பன். 1926இல் தவறவிட்ட அணு அங்கேதான் இருக்கிறது, வேலை நடக்கும் இடத்துக்கு அடுத்த இருக்கையில்.

அளந்ததா, கணித்ததா? ஆல்ஃபாஃபோல்ட் என்னும் கணினி நிரல் வந்தபின் கணினி கணித்த புரத வடிவங்கள் கோடிக்கணக்கில் கிடைக்கின்றன. அந்தப் பணிக்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. அந்தப் படங்களில் கருநீலம் நம்பகமான பகுதி, செம்மஞ்சள் ஐயத்துக்குரிய பகுதி. அதன் பொதுத் தரவுத்தளத்தில் உள்ள டிரான்ஸ்கீட்டோலேஸ் படத்தில் புரதச் சங்கிலி மட்டுமே இருக்கும், தையமின் இருக்காது. ‘கணினியில் இந்த மூலிகைப் பொருள் அந்தப் புரதத்தோடு பொருந்துகிறது’ என்று வரும் ஆய்வுகளைப் பூட்டில் சாவி நுழைகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததா என்பதை யாராவது போய்த் திறந்து பார்க்க வேண்டும்.

இந்த நொதி நேராக மருத்துவத்துக்கும் வருகிறது. ஒருவருக்குத் தையமின் குறைவு உண்டா என்று அறிய, அவருடைய சிவப்பணுக்களில் டிரான்ஸ்கீட்டோலேஸின் வேகத்தை அளந்து, தையமின் டைபாஸ்பேட்டைச் சேர்த்து மீண்டும் அளப்பார்கள். வேகம் கணிசமாகக் கூடினால் குறைவு இருக்கிறது.

பத்தாம் படி: பணம், ஒப்புதல், பதிவு

ஆய்வின் கடைசிப் பக்கத்தில் பணம் கொடுத்தது யார் என்று இருக்கும். மாத்திரை விற்பவரே கொடுத்திருந்தால் முறைப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். இதழில் வெளிவராமல் முன்பதிப்பாக மட்டும் இருப்பதையும், ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை விழுந்ததையும் பப்மெட்டே காட்டிவிடும்.

ஒப்புதலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஃபிளெட்சரின் வார்டில் இறந்த 18 பேரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்கப்படும் நிலையிலும் அவர்கள் இல்லை. துரியான் திப்புஸின் கூலிகளிடம் எந்த அரிசி வேண்டும் என்று கேட்டிருப்பார்கள் என்றும் நான் நம்பவில்லை. மனிதரை ஆய்வில் சேர்க்க அவர் சம்மதம் வேண்டும் என்று வகுத்த 1947இன் நியூரம்பர்க் நெறிகளும் 1964இன் ஹெல்சிங்கி அறிக்கையும் பின்னால் வந்தவை. இன்று மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும். உங்களை ஆய்வில் சேரச் சொன்னால் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். மறுத்தாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை தொடரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினோராம் படி: ஒரு பக்கத்தில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்

மருத்துவருக்கு உங்களுக்காக ஒதுக்க முடிவது சில நிமிடங்கள். கைப்பேசியை நீட்டி ‘இதைப் பாருங்கள்’ என்றால் அந்த நிமிடங்கள் அதிலேயே போய்விடும். அக்காவின் பேரனுடைய பள்ளி நோட்டில் நாங்கள் எழுதிய பக்கம் இது: ஆய்வு 2009, லாகூர், 40 பேர், மூன்று மாதம், முன்னோட்ட ஆய்வு. தையமின் 300 மில்லிகிராம். அளந்தது சிறுநீர் அல்புமின். சர்க்கரை குறையவில்லை. அதன் கீழே அக்காவே தம் கையால் மூன்று கேள்விகள் எழுதினார். என் சிறுநீரில் அல்புமின் எவ்வளவு? எனக்குத் தையமின் குறைவு இருக்க வாய்ப்புண்டா? நான் உண்ணும் மருந்தோடு இதைச் சேர்க்கலாமா?

‘மருந்துக்குப் பதிலாக’ என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. முதலில் எழுதியிருந்தார், சர்க்கரை பற்றிய வரியைப் படித்த பிறகு பேனாவால் அடித்துவிட்டார்.